ஈறில் தடவிய மருந்து

நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் பேச்சை நிறுத்திவிட்டதால், கல்மண்டபத்து வீட்டில் எல்லாப் பேச்சும் பிலோமியின் தலையில்தான் விழுந்தது. அவளுக்கோ இன்னும் எழுந்து நிற்கக்கூட வரவில்லை. மேல் ஈறில் பல் முளைக்கத் தவித்துக்கொண்டிருக்கும் கைக்குழந்தை.

"பிலோமி, கொழம்ப மூடி வெச்சிக்கீதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பாள் ஃப்ளோரா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"பிலோமி, மண்ணெண்ணெ தீந்துபோச்சுன்னு உங்க அத்தகிட்ட சொல்லு" என்பாள் டோரதி, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

பிலோமி பாரபட்சம் பார்க்காமல் இரண்டு பேருக்கும் எச்சில் ஒழுகச் சிரித்து வைப்பாள்.

காரணம் போன வாரமே நமக்குத் தெரியும். தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. டோரதி இறால் கம்பெனிக்குத் தோல் உரிக்கப் போவது ஃப்ளோராவுக்குப் பிடிக்கவில்லை. "பால் மறக்காத புள்ளய வுட்டுட்டுப் போறவ இன்னா தாயி" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். "பெத்திருந்தா தெரியும்" என்று டோரதி திருப்பிக் கொடுத்தாள். ஃப்ளோரா புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள். பிள்ளை இல்லாதவள். அந்த வார்த்தை எங்கே போய்த் தைத்தது என்று டோரதிக்குச் சொன்ன மறு நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனால் மன்னிப்புக் கேட்க மட்டும் அந்த வாய் வரவில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவன் லூயிஸ், ஒருத்திக்குத் தம்பி, ஒருத்திக்குப் புருஷன். ஹார்பரில் விஞ்ச் ஓட்டுகிறவன். இந்த வாரம் அவனுக்கு ராத்திரி ஷிஃப்ட். பகலில் அவன் தூங்கினால்தான் ராத்திரி கை நடுங்காமல் இரும்பைத் தூக்கி இறக்க முடியும். அதனால் பகலில் குழந்தை அழக்கூடாது. இது அந்த வீட்டின் சட்டம். காலையில் டோரதி கம்பெனிக்குப் போனால் ஃப்ளோரா குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். டோரதி திரும்புவதற்குள் அவள் கான்வென்டு சமையலுக்குக் கிளம்பிவிடுவாள். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் லூயிஸின் பாயில் குழந்தை கிடக்கும். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பிள்ளை மாறும். கூடவே ஒரு பேச்சும் மாறியிருக்க வேண்டும். அதுதான் மாறவில்லை.

*

அன்றைக்கு டோரதி வீடு திரும்பியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. பனிக்கட்டித் தண்ணீரில் ஊறி ஊறி விரல்கள் சுருங்கிப்போயிருந்தன. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த இறால் வாடை போவதில்லை. பிலோமி பாயில் உட்கார்ந்து விரலைக் கடித்தபடி சிணுங்கிக்கொண்டிருந்தாள். லூயிஸ் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு புரண்டான்.

"அக்கா கொஞ்ச நேரம் முன்னாலதான் போச்சு" என்றான் துண்டுக்குள்ளிருந்து. "கண்ணு மூட வுடு டோரதி. ராத்திரி ரெட்டை ஆளு வேலை."

மாதா படத்துக்குப் பின்னால் கையை விட்டு அந்தச் சின்ன டியூபை எடுத்தாள். சீமை மருந்து. கப்பலில் சரக்கு இறக்கும்போது ஒரு பெட்டி உடைந்து, உள்ளே இருந்ததை லூயிஸின் கேங் பங்கு போட்டுக்கொண்டு வந்தது. பல்வலிக்காரர்கள் தடவிக்கொண்டால் அந்த இடம் மரத்துப்போகும். பெரியவர்களுக்குக் கேட்கிற மருந்து குழந்தைக்குக் கேட்காதா என்று லூயிஸ்தான் முதலில் பிலோமியின் ஈறில் தடவிப் பார்த்தான். கேட்டது. அன்றிலிருந்து மாதாவுக்குப் பின்னால் அதற்கு ஒரு இடம்.

விரல் நுனியில் எடுத்துத் தடவினாள். பிலோமி முகத்தைச் சுளித்து எச்சிலோடு பாதியைத் துப்பினாள். சரிதான் என்று இன்னும் கொஞ்சம் எடுத்து மேல் ஈறு முழுக்கத் தேய்த்துவிட்டாள். சிணுங்கல் அடங்கியது. டோரதிக்கு வந்த நிம்மதியை என்ன சொல்ல? சோற்றைப் போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றாமல் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தரையிலேயே சாய்ந்துவிட்டாள்.

கண் விழித்தபோது வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியே அவளை எழுப்பியது போல இருந்தது. பிலோமி கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தாள். ஆனால் பார்வை எதிலும் நிற்கவில்லை. நெஞ்சு வேக வேகமாக ஏறி இறங்கியது. உதடு நாவற்பழம் தின்றது போல இருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தாள். நகமெல்லாம் அதே நிறம். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"ஏங்க" என்றாள். "ஏங்க, எழுந்திருங்க. புள்ளய பாருங்க."

லூயிஸ் பார்த்தான். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு ரிக்‌ஷாவுக்கு ஓடினான். ஓடுகிற அவசரத்திலும் குனிந்து பாயருகே எதையோ எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டதை டோரதி பார்த்தாள். பார்த்ததை யோசிக்க அப்போது நேரமில்லை.

தெரு முனையில் ஃப்ளோரா எதிரே வந்துகொண்டிருந்தாள். ரிக்‌ஷாவையும் அதன் பின்னால் கை கொடுத்துத் தள்ளிக்கொண்டு ஓடிவரும் தம்பியையும் பார்த்தாள். ஏறி டோரதியின் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் பாதத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி வரும்வரை தேய்த்துக்கொண்டே வந்தாள்.

*

குழந்தைகள் வார்டில் தாயை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். ஆனால் டோரதிக்கு நிற்கத் தெம்பில்லை என்று பார்த்ததும் நர்ஸ் லூயிஸையும் விட்டுவிட்டாள். ஃப்ளோரா வராந்தா பெஞ்சிலேயே தங்கிப்போனாள்.

டாக்டரம்மா நடுத்தர வயதுக்காரி. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள் என்பது அவள் கால் மாற்றி மாற்றி நிற்பதிலேயே தெரிந்தது. குழந்தையின் மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைக்கச் சொன்னாள். நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டாள். ஆக்சிஜன் உஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தது. பிலோமியின் உதடு மட்டும் மாறவில்லை.

"பொறந்தப்போ நீலமா இருந்துச்சா?"

"இல்லீங்க டாக்டர். செவசெவன்னு இருந்தா."

"பால் குடிக்கும்போது மூச்சு வாங்குமா?"

"இல்லீங்க."

"கிணத்துத் தண்ணியில பால் கரைச்சுக் குடுக்கறீங்களா? துணிக்கு மார்க் போடற மசி, சாயம் ஏதாவது பட்டுதா? மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"ஒண்ணியும் குடுக்கல டாக்டர்" என்றான் லூயிஸ். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

டாக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "அப்போ இருதயமாத்தான் இருக்கணும். முதல்ல படம் எடுத்துப் பாக்கலாம். ட்ராலி கொண்டாங்க சிஸ்டர்" என்றாள்.

டோரதி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. அதே மாதிரி டியூபோடு ஹார்பர் கேட்டில் பிடிபட்ட அவன் கேங் ஆள் வால்டர் சஸ்பெண்டாகி வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. மிச்சப் பேர் எல்லாரும் நாங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று ஒரே வாயாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இங்கே வாயைத் திறந்தால் டாக்டர் காகிதத்தில் எழுதுவாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே போலீஸ்காரன் உட்கார்ந்திருக்கிறான். வேலை போய்விட்டால் என்ன சாப்பிடுவது என்பதுதான் லூயிஸின் பயம். நியாயமான பயம்தான். ஆனால் பிலோமியின் நகம் இன்னும் கறுத்துக்கொண்டு வந்தது.

"டாக்டர்" என்றாள் டோரதி. "ஈறுல மருந்து தடவினேன். மரத்துப்போற மருந்து. பல்லு மொளைக்கிறதுக்கு."

"டோரதி" என்றான் லூயிஸ் மெல்ல.

"நீங்க சும்மா இருங்க."

டாக்டரம்மா ட்ராலியை நிறுத்தச் சொன்னாள். குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைக் காகிதத்தில் எடுத்தாள். "அம்மா, உங்க விரலக் குடுங்க" என்று டோரதியின் விரலிலும் குத்தி அதன் பக்கத்திலேயே இன்னொரு சொட்டு வைத்தாள். காகிதத்தைக் காற்றில் ஆட்டிவிட்டு நீட்டினாள். தாயின் ரத்தம் சிவப்பாக இருந்தது. மகளின் ரத்தம் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. எவ்வளவு ஆட்டியும் சிவக்கவில்லை.

டோரதிக்குத் தன் பிள்ளையின் உடம்பில் ஓடுவது ரத்தம்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

"இருதயம் இல்ல" என்றாள் டாக்டரம்மா. "ரத்தம் இருக்கு. ஆனா அது காத்தப் பிடிச்சுக் குடுக்க மாட்டேங்குது. மரத்துப்போற மருந்து சில குழந்தைங்களுக்கு ரத்தத்த இப்படிப் பண்ணிடும். எவ்வளவு தடவினீங்க?"

"ரெண்டு தரம். மத்தியானம்."

"அதுக்கு முன்னால?"

அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று டோரதிக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் ஒருதரம் தடவினேன்" என்றான் லூயிஸ் தரையைப் பார்த்தபடியே. "அக்கா சமையலுக்குப் போன அப்பால. அழுதுகினே இருந்துச்சு. தூக்கம் வரல."

"வேற யாராவது?"

டோரதி வராந்தாவுக்கு நடந்தாள். அந்தக் கொஞ்ச தூரம் அவளுக்குத் திருவொற்றியூருக்கு நடப்பது போல இருந்தது. ஃப்ளோரா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் பெயரைச் சொல்லி ஆரம்பிக்க இப்போது பிள்ளை இடுப்பில் இல்லை.

"அண்ணி" என்றாள் டோரதி. "காலையில ஈறுல மருந்து தடவினீங்களா?"

ஃப்ளோரா நிமிர்ந்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு நேராக வந்த வார்த்தை இப்படிப்பட்ட கேள்வியாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள்.

"கஞ்சி குடிக்க மாட்டேன்னுச்சு. அத்தொட்டு தடவினேன். கொஞ்சம் கழிச்சு மறுபடியும் தடவினேன்." அவள் முகம் மாறியது. "நீயும் தடவினியா?"

"நானும் தடவினேன். அவரும் தடவினாரு."

காலையில் தடவியாயிற்று என்று ஒரு வார்த்தை சுவரைப் பார்த்தாவது சொல்லியிருந்தால் போதும். குழம்புக்கும் எண்ணெய்க்கும் பிள்ளையைத் தூது விட்டவர்கள், பிள்ளையின் வாயில் வைத்த மருந்துக்கு விடவில்லை.

டோரதி உள்ளே வந்து சொன்னதும் டாக்டரம்மா கையை நீட்டினாள். "அந்த மருந்து எங்க? பேரப் பாக்கணும்."

"வூட்ல கீது" என்றான் லூயிஸ்.

"இல்ல டாக்டர். இடுப்புல வெச்சிருக்காரு" என்றாள் டோரதி.

அவன் அவளைப் பார்த்த பார்வையை அவள் வாங்கிக்கொண்டாள். டாக்டரிடம் காட்டுவதற்காக அவன் அதை எடுத்து வரவில்லை. போலீஸ் வீட்டுக்கு வந்தால் கிடைக்கக்கூடாது என்று எடுத்திருக்கிறான். வழியில் எங்கேயாவது வீசியிருப்பான், ரிக்‌ஷாவைத் தள்ளுவதில் கை ஒழியவில்லை. மெதுவாக இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தான். டாக்டரம்மா அதில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தாள். எங்கே வாங்கியது என்று கேட்கவில்லை.

"சிஸ்டர், நீல மருந்து எடுங்க" என்றாள்.

மை மாதிரி இருந்தது அந்த மருந்து. பேனாவில் ஊற்றும் மையைப் பிள்ளைக்கு ஏற்றுகிறார்களே என்று டோரதி பதறினாள். டாக்டரம்மா ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக, பொறுமையாக அழுத்தினாள். "ஏற்கெனவே நீலமா கீற புள்ளைக்கி இன்னும் நீலத்த ஏத்துறாங்களே" என்று லூயிஸ் முணுமுணுத்தான். அவனைத் திட்ட வேண்டும் என்று டோரதிக்கு இருந்தது. திட்டாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் மாறியது காது மடல். அப்புறம் நகம். உதட்டில் கறுப்பு கரைந்து, ஓரத்திலிருந்து சிவப்பு உள்ளே வந்தது. பிலோமி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அம்மாவைக் கண்டுபிடித்தாள். உடனே முகத்தைக் கோணி, வார்டே அதிரும்படி அழ ஆரம்பித்தாள்.

அடுத்த கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். டோரதி குழந்தையை அடக்கவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டு, அவளும் கூடவே அழுதாள்.

*

சாயங்காலம் ஃப்ளோரா டீயும் பன்னும் வாங்கிவந்தாள். டீயை ஆற்றி டோரதியின் கையில் கொடுத்தாள். பெஞ்சில் லூயிஸ் ஒரு ஓரம், பெண்கள் இருவரும் மறு ஓரம்.

"அண்ணி, அன்னிக்கு நான் சொன்னது" என்று ஆரம்பித்தாள் டோரதி.

"அத்த இப்ப எடுக்காத. எனக்கு முடியல" என்றாள் ஃப்ளோரா. "டீயக் குடி."

கோபம் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. இன்றைக்கு அதைத் தூக்கிச் சுமக்க அவளிடம் வலு இல்லை, அவ்வளவுதான். டோரதி டீயைக் குடித்தாள்.

டாக்டரம்மா வீட்டுக்குக் கிளம்புகிற வழியில் அவர்களிடம் நின்றாள். "ராத்திரி இங்கதான் இருக்கணும். மூத்திரம் நீலமாப் போகும், பச்சையாவும் போகும். பயப்படாதீங்க, மருந்துதான் வெளிய வருது" என்றாள். பிறகு லூயிஸைப் பார்த்தாள். "எங்க கிடைச்சுதுன்னு நான் கேக்கல. இது வேற எந்தக் குழந்தை கையிலயும் போகக்கூடாது. அது போதும் எனக்கு. வேற யார்கிட்டயாவது இருக்கா?"

"இல்ல டாக்டர்."

டாக்டரம்மா தலையசைத்துவிட்டுப் படி இறங்கினாள்.

டோரதி டம்ளரைக் கீழே வைத்தாள். மத்தியானம் வார்டில் ஒண்ணியும் குடுக்கல என்று சொன்னானே, அதே வேகம். இன்றைக்கு ஒரே நாளில் அந்த வேகத்தை அவள் நன்றாகப் படித்துவிட்டாள்.

"பெட்டியில எத்தினி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"எல்லாரும் எடுத்தாங்க. ஆளுக்கு ஒண்ணு ரெண்டு. பல்வலிக்கு வெச்சிகினு கீறாங்க. அதெல்லாம் ஒண்ணியும் ஆவாது."

"கைக்கொழந்த இருக்கிற வூடு எது?"

ஃப்ளோரா திரும்பி உட்கார்ந்தாள். "கேக்குறா இல்ல, சொல்லேன்டா."

"அருள்நாதன்" என்றான். "எண்ணூர்ல. அவம் புள்ள இப்பத்தான் குப்புற வுழுது. வாய்ப்புண்ணுன்னான். தடவிப் பாருன்னு நான்தான் சொன்னேன்."

"பிலோமியவிடச் சின்னப் புள்ள" என்றாள் டோரதி.

"விசாரணையில அவனத்தான் மொதல்ல கூப்டுகிறாங்க டோரதி. நான் இப்பப் போய் அவன் வூட்டு வாசல்ல நின்னு, மருந்து, ஆஸ்பத்திரின்னு சொன்னா, அவம் பொண்டாட்டி ஊரக் கூட்டிடுவா. அப்பால நாங்க யாரும் ஹார்பர் கேட்டத் தாண்ட முடியாது. நாளைக்கி டூட்டிக்கி வருவான் இல்ல, தனியா இட்டுகினு போய் சொல்றேன்."

"நாளைக்கா?"

"அவன் புள்ளைக்கி ஒத்துக்கிச்சு டோரதி. அத்தினி பேருக்கும் இப்டி ஆவுமா? நேத்து ஷிஃப்ட்ல கையப் புடிச்சிகினு சொன்னான். சீமை மருந்துன்னா மருந்துதான் மாமு, புள்ள இப்பல்லாம் அழுவுறதே இல்ல, போட்ட எடத்துல சத்தமே இல்லாம கெடக்குதுன்னு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது லூயிஸின் காதிலேயே விழுந்தது. டோரதியும் ஃப்ளோராவும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எழுந்தான். செருப்பைத் தேடக்கூட நிற்காமல் எண்ணூர் ரயிலைப் பிடிக்க ராயபுரம் ஸ்டேஷனை நோக்கி ஓடினான்.